கார் எப்போது நிற்கிறது?



கணவர் விட்டுச்சென்ற சொத்து என்று நம்மில் சிலருக்கு இருப்பது ஒரு துண்டுக் காணி. சிலருக்கு ஒரு தையல் மெசின். இன்னும் சிலருக்கு, கொட்டிலுக்குள் தறப்பாளால் மூடிக் கிடக்கும் ஒரு பழைய கார். அது மொரிஸ் மைனராக இருக்கலாம், ஒஸ்டின் ஏ-40 ஆக இருக்கலாம், பழைய நிசான் சனியாகவோ மாருதி 800 ஆகவோ இருக்கலாம்.

அந்தக் கார் ஓடினால் ஒரு குடும்பம் சாப்பிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ஹயர் போகலாம். சந்தைக்கு மரக்கறி கொண்டு போகலாம். ஓட்டத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒரு சாரதியிடம் கொடுத்து நாளுக்கு ஒரு தொகை வாங்கலாம். விற்பதானாலும் ஓடும் காருக்கு ஒரு விலை, ஓடாத காருக்குப் பழைய இரும்பு விலைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பதை எல்லோரும் கண்டோம்.

ஆனால் கார் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் போகிறது, நின்றுவிடுகிறது. அல்லது நிற்காமல் உதறி உதறி, மிஸ் அடித்துக்கொண்டு ஓடுகிறது. கராஜுக்குக் கொண்டுபோகிறோம். "என்ன செய்கிறது?" என்று கேட்கிறார்கள். "நிற்குது பாஸ்" என்கிறோம். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. "எஞ்சின் இறக்கித்தான் பார்க்க வேணும் அக்கா" என்ற பதில் வருகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காதில் கிடந்தது அடகுக்கடைக்குப் போகிறது. சில நேரம் உண்மையாகவே எஞ்சின் இறக்க வேண்டியிருக்கும். பல நேரங்களில் பிழை ஒரு துணித்துண்டால் துடைக்கக்கூடியதாக, அல்லது ஒரு சிறிய ரப்பர் குழாயை மாற்றினால் தீரக்கூடியதாக இருக்கும்.

ஆகவே இந்த மாதம் நான் சொல்ல வருவது ஒரே விடயம்தான். கார் நிற்கிறது என்பது பாதிச் செய்தி. எப்போது நிற்கிறது என்பதுதான் மீதிச் செய்தி. அதைக் குறித்து வைத்துக்கொண்டு, காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கினால், யாரும் நம்மை இலகுவில் ஏமாற்ற முடியாது.

நமக்குப் புதிய வேலை அல்ல

இது ஆண்களின் வேலை என்று ஒதுங்கத் தேவையில்லை. 1888 ஆகஸ்ட்டில் ஜேர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண் தனது இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். உலகில் அவ்வளவு தூரம் மோட்டார் வண்டியில் போன முதல் ஆள் அவர்தான். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அடைப்பை எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியால் சுற்றிச் சரிசெய்தார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். அன்று அவருக்கு வந்த இரண்டு பிழைகளும், ஒன்று எரிபொருள் பக்கம், மற்றது தீப்பொறி பக்கம், இன்றுவரை பழைய கார்களை நிறுத்தும் அதே இரண்டு பிழைகள்தான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1977, 1983 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்களை நாம் அறிவோம். போரில் துணையை இழந்து, பிள்ளைகளோடு இந்தப் பக்கம் திரும்பி வந்தவர்களும் அவர்களில் உண்டு. வடக்கில் வாழ்ந்த அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மண்ணெண்ணெயில் ஓடிய கார்களைப் பற்றிச் சொல்வார்கள்.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அருமையாகிவிட்டது. ஆனாலும் ஒஸ்டினும் மொரிஸும் ஓடின. ஒரு சிறிய போத்தல் பெற்றோலைப் பொன்போல் வைத்திருப்பார்கள். அதைக்கொண்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அதே வித்தைதான். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டில்தான் ஆவியாகும். வண்டியை நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றாவிட்டால், காபரேட்டருக்குள் மண்ணெண்ணெயே தங்கி, அடுத்த நாள் காலையில் எத்தனை தரம் முறுக்கினாலும் எஞ்சின் பிடிக்காது. அந்தக் காலத்து எஞ்சின்கள் அழுத்தம் குறைந்தவை என்பதால் இதைத் தாங்கின. கார் ஏன் நிற்கிறது என்பதற்கான காரணத்தை அன்று வீட்டிலிருந்த எல்லோருமே தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த அறிவைத்தான் இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கப் போகிறோம்.

அடுப்பும் காபரேட்டரும்

காபரேட்டர் என்ன செய்கிறது? நாம் மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பைப் பாவித்தவர்கள். நிப்பிளில் ஊசியளவு துளை. அதனூடாக எண்ணெய் ஆவி வரும், பக்கத்தால் காற்று சேரும், இரண்டும் அளவாகக் கலந்தால் நீலச் சுவாலை. துளை அடைத்தால் அடுப்பு விக்கி விக்கி அணையும். எண்ணெய் கூடி, காற்று குறைந்தால் மஞ்சள் சுவாலை, பானையின் அடியெல்லாம் கரி.

காபரேட்டரும் அப்படியே. உள்ளே ஜெட் எனப்படும் நுண்ணிய துளைகள் உண்டு. அதனூடாகப் பெற்றோல் வந்து, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். அங்கே பிளக் தீப்பொறி கொடுக்கும், கலவை எரியும். ஆகவே கார் ஓட மூன்றே விடயங்கள் தேவை: பெற்றோல், காற்று, தீப்பொறி. மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் வர வேண்டும். நின்று நின்று ஓடும் காரில் இந்த மூன்றில் ஒன்று இடையிடையே தவறுகிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். அடுப்பு நிப்பிளை ஊசியால் குத்துவோம். காபரேட்டர் ஜெட்டை ஊசியால் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். கழற்றிக் கழுவி, காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

இனி, எப்போது நிற்கிறது என்று பார்ப்போம்.

காலையில் அல்லது மழையில் மட்டும் தொல்லை

இலங்கையில் மிகக் கூடுதலாக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை நமக்கு அயலில்தான் இருக்கிறது. நாவலப்பிட்டியிலும் ஈரத்துக்குக் குறைவில்லை. இரவு முழுவதும் மழை பெய்து, காலையில் கார் பிடிக்காவிட்டால் அல்லது பிடித்து உதறினால், முதலில் டிஸ்ரிபியூட்டர் மூடியையும் பிளக் வயர்களையும் பாருங்கள். ஈரத்தில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். இருட்டில் முன்மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கை வைக்காமல் எட்டி நின்று பார்த்தால் வயர்களில் நீலப் பொறி ஓடுவது சில நேரம் கண்ணுக்கே தெரியும். எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளும் வெளியும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். துடைத்ததும் ஓடினால், இனி வாங்க வேண்டியது வயரோ மூடியோதான், எஞ்சின் அல்ல.

ஈரம் இல்லாத நாளிலும் காலையில் மட்டும் தொல்லை என்றால் சோக்கைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடிய கலவை வேண்டும். சோக் கம்பியை இழுத்தால் காபரேட்டரில் அந்த நெம்பு அசைகிறதா? சோக்கைத் தள்ளியபின் முழுமையாகத் திரும்பி வருகிறதா? பாதியில் இறுகி நின்றால், சூடானபின் கறுப்புப் புகை கக்கி, உதறி நிற்கும்.

அக்சிலேட்டரில் காலை எடுத்தவுடன் நிற்கிறது

வேகமாகப் போகும்போது நன்றாக ஓடுகிறது, சந்தியில் காலை எடுத்தால் அணைகிறது. இது மிகச் சாதாரணமான தொல்லை. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பெற்றோல் கொடுப்பதற்குப் பல காபரேட்டர்களில் தனியாக ஒரு சிறிய ஜெட் உண்டு. எல்லாவற்றிலும் நுண்ணியது அதுதான். அதனால் ஒரு தூசி போனால் முதலில் அடைப்பதும் அதுதான். நீண்டநாள் நின்ற காரில் பெற்றோல் காய்ந்து பிசின்போல் அதில் படியும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் பங்கீடு வரும் முன்னும் பின்னும், எத்தனை வாகனங்கள் மாதக்கணக்காக முற்றத்தில் நின்றன! பிறகு எடுத்தபோது இந்தத் தொல்லையைக் காட்டியவை பல.

இதே அடையாளத்துக்கு இன்னொரு காரணம் கள்ளக்காற்று. காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கும் காஸ்கட் பழுதானால், அல்லது அங்கிருந்து போகும் ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருந்தால், அளவில்லாத காற்று உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது "ஸ்ஸ்" என்ற ஓசை கேட்கும். சவர்க்காரத் தண்ணீரைச் சிறிய தூரிகையால் பொருத்துகளில் மட்டும் கவனமாகத் தடவுங்கள். நுரை உள்ளே இழுபட்டால், அல்லது தடவிய நொடியில் எஞ்சின் ஓசை மாறினால், ஓட்டை அங்கேதான். இதைப் பெற்றோல் தெளித்துச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதில் இருப்பது எஸ்.யூ. காபரேட்டர். அதில் மெதுவான ஓட்டத்துக்கென்று தனி ஜெட் இல்லை, ஒரே ஜெட்தான் எல்லா வேகத்துக்கும். மேலே மணிபோல் நிற்கும் பகுதியின் மூடியைத் திருகிக் கழற்றினால், அதற்குள் கொஞ்சம் எஞ்சின் ஒயில் இருக்க வேண்டும். ஒயில் வற்றியிருந்தால் அக்சிலேட்டரை மிதிக்கும்போது கார் விக்கும். எஞ்சின் நின்றபின், காற்று வடியைக் கழற்றி, உள்ளேயுள்ள பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் "டக்" என்று விழ வேண்டும். இறுகி மெதுவாக இறங்கினால் சுத்தம் செய்ய வேண்டும்.

சில மைல் ஓடியபின் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாகப் பிடிக்கிறது

இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. காரணம் தாங்கியின் மூடியாகவே இருக்கலாம். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான சிறு வழி அடைத்திருந்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் வர மறுக்கும். கார் நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உறிஞ்சும் ஓசை கேட்டு, பிறகு கார் பிடித்துக்கொண்டால், பிழை மூடியில்தான். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

மூடி சரியென்றால் அடுத்தது தாங்கிக்குள் இருக்கும் துருவும் சேறும். ஓடும்போது அவை இழுபட்டு வந்து குழாயின் வாயை அடைக்கும். கார் நின்றதும் மெல்ல விலகும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். காபரேட்டரை எத்தனை தரம் கழுவினாலும் தாங்கியைக் கழுவாதவரை இது தீராது. பெற்றோல் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் விழுந்தால் விடை கிடைத்துவிட்டது. அடியில் தண்ணீர் முத்துகள் நின்றாலும் அப்படியே.

மூன்றாவது பெற்றோல் பம்ப். மொரிஸ் மைனரில் இருப்பது மின்சாரப் பம்ப். சாவியைத் திருப்பியதும் "டிக் டிக்" என்று அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் மின்சாரம் வரவில்லை அல்லது பம்புக்குள் இருக்கும் பொயின்ட் ஒட்டிக்கொண்டது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் முடிந்துவிட்டது அல்லது குழாயில் காற்று புகுகிறது. வேறு பல கார்களில் எஞ்சினோடு பொருத்திய பம்ப் இருக்கும். அதன் உள்ளே உள்ள ரப்பர் தகடு கிழிந்தால் பெற்றோல் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்து, பெற்றோலோ மண்ணெண்ணெயோ மணந்தால், அந்தக் காரை ஓட்டவே வேண்டாம். ஒயில் நீர்த்துவிட்டது. அப்படியே ஓட்டினால் அப்போதுதான் உண்மையாகவே எஞ்சின் இறக்க வேண்டி வரும்.

நன்றாகச் சூடானபின் நிற்கிறது

உச்சி வெயிலில், கடுகண்ணாவ ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறும் கார் பாதியில் நிற்கிறது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் பிடிக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று, சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிப் பம்பால் இழுக்க முடியாமல் போவது. மற்றது, கொயில் அல்லது கொண்டென்சர் சூட்டில் செயலிழந்து தீப்பொறி இல்லாமல் போவது.

எது என்று அறிய, நின்ற இடத்திலேயே தீப்பொறியைப் பார்க்க வேண்டும். ஆறியபின் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரில் மறுபடி செருகி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். பெற்றோல் எங்கும் சிந்தியிருக்கக் கூடாது. இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் தீப்பொறி பக்கம் சரி, பெற்றோல் பக்கம்தான் பிழை. பொறி இல்லை அல்லது மெலிந்து மஞ்சளாக இருக்கிறது என்றால் கொயிலையும் கொண்டென்சரையும் சந்தேகிக்கலாம். டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ட் கருகி, குழி விழுந்திருந்தால் கொண்டென்சர் மேல் சந்தேகம் கூடும். மொரிஸ் மைனரில் பொயின்ட் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், பிளக் இடைவெளி 0.6 மில்லிமீற்றர்.

ஒரே மாதிரி எப்போதும் மிஸ் அடிக்கிறது

நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் கார் உதறிக்கொண்டே ஓடும். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரை மட்டும் கழற்றி, ஸ்டார்ட் செய்து சில நொடிகள் ஓசையைக் கேளுங்கள். ஓடும்போது வயரில் கை வைக்க வேண்டாம், அடிக்கும். வயரைக் கழற்றியதும் உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எந்த வயரைக் கழற்றியும் வித்தியாசம் தெரியவில்லையோ, அதுதான் ஏற்கெனவே செத்த சிலிண்டர். அந்தப் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூடிய கலவை, பானையின் அடியில் கரி பிடிப்பதுபோல. வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் குறைந்த கலவை. பெற்றோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. ஒயில் பிசுபிசுப்பு என்றால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து செத்திருந்தால் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். கடைசி இரண்டும் உண்மையாகவே பெரிய வேலைகள்.

மலைக்கும் தரைக்கும் மாறும்போது

நாவலப்பிட்டி ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் அதே ஜெட்டால் வரும் பெற்றோல் கூடுதலாகிவிடும். கொழும்பில் ரியூன் பண்ணிய கார் நுவரெலியாவில் கறுப்புப் புகை விட்டு உதறுவது இதனால்தான். இங்கே மலைக்கு ஏற்றபடி பெற்றோலைக் குறைத்து ரியூன் பண்ணிய காரை வன்னிக்குக் கொண்டுபோனால் அங்கே கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, காபரேட்டர் வழியாகத் துமிக்கும். ஊர் மாறிய காருக்கு முதலில் தேவை ரியூனிங்.

ஓட்டோ வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும், பழைய ஓட்டோக்களிலும் காபரேட்டர்தான். மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அன்று தடைக்காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தார்கள். அதற்காக எஞ்சின்கள் கரி பிடித்தும் தேய்ந்தும் விலை கொடுத்தன. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபின் அதில் பழைய இலாபமும் இல்லை.

உயிர் முக்கியம்

முன்மூடியைத் திறக்கும் முன் பின்னலை உயர்த்திக் கட்டுங்கள். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகுங்கள். ஓடும் விசிறிப் பட்டிக்கு இரக்கம் இல்லை. கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள நஞ்சுக்கு மணம் இல்லை. குப்பி விளக்கும் நெருப்புக்குச்சியும் அருகில் வரவே கூடாது. காபரேட்டரின் வாயில் பெற்றோல் ஊற்றிக்கொண்டு ஸ்டார்ட் செய்யும்போது நெருப்பு திருப்பி அடிக்கும், முகத்தைச் சுட்டுவிடும். குழாயில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். சோடாப் போத்தலில் பெற்றோலோ மண்ணெண்ணெயோ வைக்க வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

கராஜுக்குப் போகும்போது

ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும். ஐந்து வரி எழுதுங்கள். குளிரிலா சூட்டிலா நின்றது? ஓடும்போதா, காலை எடுத்தபோதா? மழையா வெயிலா, ஏற்றமா சமதரையா? எவ்வளவு நேரத்தில் மறுபடி பிடித்தது? புகை என்ன நிறம்? இதை பாஸிடம் வாசித்துக் காட்டுங்கள். நல்ல மெக்கானிக் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், அவருடைய பாதி வேலை முடிந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்காமலே "எஞ்சின் இறக்கணும்" என்பவரிடம், "கொம்பிரஷன் பார்த்தீங்களா பாஸ்? எத்தனை காட்டியது?" என்று அமைதியாகக் கேளுங்கள். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் சிறிய கருவி அது. அளந்து பார்க்காமல் எஞ்சினைப் பழி சொல்ல முடியாது. ஒன்று மாற்றினால் ஓட்டிப் பார்த்துவிட்டே அடுத்ததை மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

பெரிய தொகை செலவழிக்கும் முன் இரண்டு கடதாசி விடயங்கள். வருடாந்த வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை தேவை. 2008இல் தொடங்கிய அந்தப் பரிசோதனையில் உதறும் காபரேட்டர் கார் தோற்பதற்கு இடமுண்டு, ஆகவே ரியூனிங்கை அதற்கு முன் முடியுங்கள். மற்றது, வாகனப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கணவர் காணாமற்போயிருந்தால், 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்படி மரணச் சான்றிதழ் எடுக்காமலே, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழை எடுக்க வழி உண்டு. அதை வைத்து வாகன விடயத்தில் என்ன செய்யலாம் என்று பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மரணத்தை ஒப்புக்கொள்ள மனம் வராததாலேயே கொட்டிலில் கிடக்கும் கார்கள் பல உண்டு என்பதை நாம் அறிவோம்.

எல்லாப் பிழையையும் நாமே திருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாங்கி மூடியைத் திறந்து பார்ப்பது, வயரைத் துடைப்பது, ஃபில்டரைத் தட்டுவது, ஒயில் கம்பியை மணப்பது, பிளக்கின் நிறம் பார்ப்பது, இந்த ஐந்தும் நம் கையால் முடியும். இவற்றுக்குப் பிறகும் நின்றால் கொப்பியோடு கராஜுக்குப் போங்கள். இந்த வார விடுமுறையில் தறப்பாளை விலக்கி, மூத்த மகளையும் பக்கத்தில் நிறுத்தி, முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.

மறுபடி சந்திப்போம்.